ஒரு இலை தள்ளி

எங்கள் மெஸ்ஸில் ருசி ஒரு ஆள் தள்ளிப் போக ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். விளமீன் குழம்பும் நெத்திலிப் பொரியலும் முட்டைக்கோஸ் கூட்டும் வைத்திருந்த நாள் அது. கச்சான் காற்று பீச் ரோட்டு மணலை அள்ளி வந்து எங்கள் வாசல்படியில் கொட்டிக்கொண்டிருக்க, பந்தி நிறைந்து நான் இரண்டாம் தடவை சோறு விளம்பிக்கொண்டு போனபோது, துறைமுக ஆபீஸ் சங்கரலிங்கம் சார் முட்டைக்கோஸை வாயில் வைத்து, மெல்லுவதை நிறுத்தி, கண்ணை மூடித் திறந்து மறுபடி மூடி, "ரெனிட்டா, இந்தக் கோஸ்ல மீன் இருக்கு" என்றார்.

சார் சைவம். அவர் அப்பா சைவம், தாத்தா சைவம், வீட்டுப் பூனைகூட தயிர்ச்சோறுதான் என்று அவரே சொல்வார். மீன் மெஸ்ஸுக்கு ஏன் வருகிறார் என்றால், துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வேறு மெஸ் இல்லை, அவ்வளவுதான்.

"கோஸ்ல எதுக்கு சார் மீன் இருக்கப் போவுது?"

"அதத்தான் நானும் கேக்கேன். விளமீன்னு நெனைக்கேன்."

"தின்னே பாக்காத ஒங்களுக்கு விளமீன்னு எப்படித் தெரியும்?"

"இத்தன வருசமா மோந்து பாக்கேன்லா," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், காது வரை சிவந்து போனார்.

அவருக்கு இடப்பக்கம் இருந்த லாரிக்காரர், வாய் நிறைய விளமீனை வைத்துக்கொண்டு, தனக்கு அப்பளம்தான் தெரிகிறது என்றார். அவருக்கு இடப்பக்கம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தவர் தனக்கு ரசம் தெரிகிறது என்றார். இப்படியே ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வர, வாசல் பக்கத்து முதல் இலையில் இருந்தவர் மட்டும், "எனக்கு ஒண்ணுமே தெரியல, பேப்பரைத் திங்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லி, இலையைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

எங்கள் மெஸ்ஸில் ஒரே ஒரு நீள மேசைதான், ஒரே வரிசைதான். எல்லோரும் அடுப்படியைப் பார்த்து உட்கார வேண்டும். இடது முனையில் வாசல், வலது முனையில் பக்கத்து சலூனின் சுவர். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் எனக்குப் பிடிக்காது. வரிசையின் முன்னால் ஒரு நடை நடந்து பார்த்ததும் விஷயம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. "இடப்பக்கத்து ஆளு திங்கிறது வலப்பக்கத்து ஆளுக்கு ருசிக்குது. அவ்வளவுதான். சாப்பிடுங்க, ஆறிப் போவுது" என்றேன்.

சாப்பிட்டார்கள். ஆச்சரியப்பட அவர்களுக்கு நேரமில்லை, மத்தியான மணி அடித்தால் எல்லோரும் வேலைக்குத் திரும்ப வேண்டும். வயிறு தின்றவனுக்குத்தான் நிறைந்தது, சூடு தின்றவன் நாக்கைத்தான் சுட்டது, முள்ளும் அவனவன் தொண்டையில்தான் குத்தியது. ருசி மட்டும் அடுத்தவனுக்குப் போனது.

பப்பா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கொழம்பு நல்லாருக்கா, இல்லியா?"

பப்பாவுக்கு அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்கெல்லாம் காய்ச்சல் வந்து எல்லோருக்கும் ருசியும் வாசனையும் போன வருஷத்தில், என் பப்பா இன்னாசி மோத்தாவுக்கும் போனது. எல்லோருக்கும் திரும்பி வந்தது, பப்பாவுக்கு மட்டும் வரவில்லை. மிளகைக் கடிப்பார், எலுமிச்சையை உறிஞ்சுவார், ஒரு தடவை உப்பளத்திலிருந்து வந்த கல்லுப்பை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. அதிலிருந்து நான்தான் அவருடைய நாக்கு. குழம்பு கொதித்து அடங்கும்போது பப்பா அகப்பையிலிருந்து ஒரு சொட்டை என் உள்ளங்கையில் விடுவார், நான் நக்கிப் பார்த்து, புளி தூக்கல் என்றோ உப்பு பத்தவில்லை என்றோ சொல்வேன். பப்பாவுக்காகத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று தெருவில் சொல்லி உச்சுக்கொட்டுவார்கள். பொய். கணக்கு வரவில்லை, வேதியியல் வரவில்லை, வராததற்காகப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, விட்டுவிட்டேன். மம்மி மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். போன் பண்ணி மறுபடி எப்போது பரீட்சை எழுதப் போகிறாய் என்று கேட்பாள், நான் போனைப் பப்பாவிடம் கொடுத்துவிடுவேன்.

எனக்கு வேண்டியது பரீட்சை இல்லை, அகப்பை. குழம்பு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. பப்பா வைப்பது அவருடைய அப்பா வைத்த குழம்பு, தேங்காயை வழிய வழிய அரைத்து ஊற்றி மாங்காயைப் போட்டு இறக்குவது. நல்ல குழம்புதான், ஆனால் எனக்குப் போதவில்லை. தேங்காயைக் குறைத்து, சின்ன வெங்காயத்தை வதக்கி அரைத்து, வெந்தயத்தை வறுத்து இடித்துக் கடைசியில் தூவினால் என்ன ஆகும் என்று நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

"நாக்கு ஒன்னது, கை என்னது. அப்படித்தான் வண்டி ஓடுது," என்பார் பப்பா.

"கையும் என்னதா இருக்கட்டுமே."

"ஓங் கொழம்ப நான் எப்படிட்டி ருசி பாப்பேன்? வச்சவனுக்கே ருசி தெரியாத கொழம்பு ஒண்ணு ஓடுதுல்லா, அது போதும். நான் ருசி பாக்காத இன்னொண்ண என் பேருல விளம்ப மாட்டேன்."

"தின்னவங்க சொல்லுவாங்க."

"பசிச்சவன் சாட்சி செல்லாது."

அதோடு விடவில்லை. மாதா கோயில் திருவிழாக் கொடி இறங்கியதும் மெஸ்ஸை மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கண் தெரியாதவன் வள்ளம் தள்ளக் கூடாது, ஆளை ஏற்றிக்கொண்டு தள்ளவே கூடாது என்றார். கொடியோ ஏறிவிட்டது. இறங்குவதற்குள் பப்பாவின் நாக்கில் என் குழம்பு படவேண்டும், இல்லாவிட்டால் அகப்பையும் இல்லை, அடுப்பும் இல்லை. செத்த நாக்கில் எப்படிப் படும் என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் ருசி தள்ளிப் போக ஆரம்பித்தது.

ஏன் தள்ளிப் போனது என்று கேட்டவர்கள் உண்டு. கச்சான் காற்று வரிசையாக வீசுகிறது, அதுதான் என்றார்கள் சிலர். மேசைப் பலகை உடைந்த தோணியிலிருந்து வந்தது, அதற்கு ஓடுகிற புத்தி போகவில்லை என்றார்கள் சிலர். வேறு மெஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அங்கே ருசி இருந்த இடத்திலேயே இருக்கிறது, போரடிக்கிறது என்று திரும்பி வந்தார்கள். எங்கள் அடுப்படிக்குள் நின்று தின்றாலும் அப்படித்தான், ருசி தன் இடத்திலேயே இருந்தது, என் உள்ளங்கைச் சொட்டு என் நாக்கில்தான் ருசித்தது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தால் மட்டும் தள்ளிப் போனது. அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

ஆராயாமல் பழகிக்கொண்டார்கள். உட்காரும் முன் இடப்பக்கம் யார் என்று பார்த்தார்கள். உட்கார்ந்ததும் வலப்பக்கத்து ஆளைப் பார்த்து, முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "ஒங்களுக்கு என்ன வேணும், கணவாயா நெத்திலியா?" என்று கேட்டார்கள், ஏனென்றால் அதை இவர்கள்தான் தின்றாக வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் தன் பேரனை இடப்பக்கம் உட்கார வைத்துப் பாயசம் குடிக்கச் சொல்லிவிட்டு, தான் வெறும் மோரைக் குடித்துக்கொண்டு சொர்க்கத்தில் இருப்பவர் மாதிரி இருந்தார். பேரன் மட்டும் எனக்கு யார் பாயசம் குடிப்பா என்று அழுதான். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி, புருஷன் இடப்பக்கம் உட்கார்ந்து அவளுக்குப் பிடித்ததையெல்லாம் அவளிடமே கேட்டு வாங்கித் தின்பதைப் பார்த்துவிட்டு, "வீட்டுல இப்படிக் கேட்டதே இல்ல" என்று என்னிடம் முறையிட்டாள். ஒரு தோணிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பியில், அண்ணன் தினமும் தம்பிக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, பாகற்காயை மட்டும் கேட்டு வாங்கி, தம்பியைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

"ரெனி, எங்கண்ணன் மறுபடியும் பாகக்கா வாங்குதான், பாரு!"

"நீங்க எடம் மாறி உக்காருங்க."

"மாறினா பயந்துட்டேன்னு நெனப்பான்."

அந்த வரிசையில் எல்லோரும் ஆசைப்பட்டது பேச்சித்தாயக்காவுக்கு வலப்பக்கத்து இலை. அக்கா உப்பளத்தில் வேலை. விடியும் முன் போய், பாத்தியில் உப்பு வாரி, கண் கூசி, கால் வெடித்து, மத்தியானம் வந்து உட்காருவாள். உட்கார்ந்தால் பேச மாட்டாள். சோற்றைக் குழிபறித்துக் குழம்பை ஊற்றி, மீனை முள் நீக்கிப் பிசைந்து, மேலே ஒரு நெத்திலியை நொறுக்கிப் போட்டு, உருட்டி வாயில் வைத்துக் கண்ணை மூடுவாள். அதே சோறு, அதே குழம்புதான், ஆனால் அவள் வழியாக வருகிற ருசி வேறு. அவளுடைய பசியும் அதோடு சேர்ந்து வருகிறது என்று லாரிக்காரர் சொன்னார். நான் சும்மா ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான்.

மரக்கடை முதலாளி ஒருவருக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. அவள் பக்கத்து இலைதான் காலி என்று காட்டியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொம்பள வாயில போறது என் வாயில வருதுன்னா, அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"நல்லா ருசிக்கும்னு அர்த்தம்."

"எனக்குன்னு ஒரு மொறை இருக்குல்லா."

"மொறைக்கு மொத இலை காலியாத்தான் இருக்கு. அங்க யாரு வாயிலருந்தும் ஒண்ணும் வராது. போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். சில நாள் விளமீனையும் பாறை மீனையும் காகிதம் மாதிரி மென்றுகொண்டு, வரிசையில் மற்றவர்கள் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் எல்லோருக்கும் முந்தி வந்து, பேச்சித்தாயக்காவுக்கு வலப்பக்கத்துப் பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொதலாளி, இன்னைக்கு கணவா திங்கப் போறேன். ஒமக்குச் சம்மதமா?"

முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் முறையைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை.

சங்கரலிங்கம் சாருக்கு வேறு கவலை. தின்னவில்லை, ருசித்தேன், இது பாவத்தில் சேருமா என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டார். கோயில் குருக்கள் ஒருவர், நாக்குக்குத் தெரிந்தாலும் வயிற்றுக்குத் தெரியாததால் பாதிதான் பாவம் என்று சொன்னாராம். பாதிதானே என்று சார் தினமும் மீன் தின்கிறவராகப் பார்த்து அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். அதே ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் சிரித்தால், "நான் கோஸ்தான் திங்கேன், இலையப் பாருங்க" என்பார்.

கடைசி இலையின் ருசி எங்கே போகிறது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சலூன், இசக்கிராஜ் அண்ணன் கடை. சுவரை ஒட்டித்தான் அவருடைய நாற்காலி. முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்த ஒருவர் திடீரென்று எழுந்து, "ஏல, சோப்புல என்னத்தல கலந்து வச்சிருக்க, நெத்திலி அடிக்கி!" என்று கத்தியது பந்தி வரை கேட்டது. அண்ணன் கெட்டிக்காரர். மறுநாளே மத்தியானச் சவரத்துக்கு ஆள் வரிசையில் நின்றது. கடைசி இலைக்காரரும் தான் தின்பது சுவருக்கு அப்பால் யாரோ ஒருவருக்கு என்று தெரிந்து, பொறுப்பாக, சத்தமில்லாமல், நிதானமாகத் தின்றார். போகப் போகச் சுவரில் தட்டுவது ஒரு பாஷையாகிவிட்டது. ஒரு தட்டு என்றால் போதும். இரண்டு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம்.

ஊரே இப்படி அடுத்தவன் ருசியைத் தின்றுகொண்டிருக்க, பப்பா மட்டும் அடுப்படியைத் தாண்டவில்லை.

"ஒரே ஒரு நாள் உக்காருங்க. நான் எடப்பக்கம் உக்காந்து திங்கேன்."

"விளம்புறவன் பந்தியில உக்காரக் கூடாது. எங்கப்பா உக்காரல, நானும் உக்கார மாட்டேன்."

"ஒங்கப்பாவுக்கு நாக்கு இருந்துது."

பப்பா அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டி, துடைத்து, மாட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உக்காந்து, அப்பவும் ஒண்ணும் வரலன்னா?"

அதற்குப் பிறகு நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் சாருக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்து, நாக்கு மரத்து, வீட்டில் காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது, ஊறுகாய் மண் மாதிரி இருக்கிறது, எதுவும் தெரியவில்லை என்று தும்மிக்கொண்டே வந்து, லாரிக்காரருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கோஸை வாயில் வைத்தவர், "அடடே, பாறை!" என்றார். "மாங்கா தோலோட போட்டிருக்கு" என்றும் சொன்னார். தோலோடுதான் போட்டிருந்தோம். நான் குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தன் நாக்குக்குத் தெரியாததும் அடுத்த ஆள் வழியாக வந்தால் தெரிகிறது. பப்பா எங்கள் பந்தியில்தானே உட்கார மாட்டார், சலூன் நாற்காலியில் உட்காருவாரே என்று எனக்குத் தோன்றியது.

பப்பா சவரத்துக்குப் போவது விடிகாலையில், எங்கள் மெஸ்ஸில் ஒரு இலைகூடப் போடாத நேரத்தில். சுவரைத் தாண்டி வர எதுவும் இருக்காது. கொடி இறங்குகிற நாளுக்கு முந்தின நாள் நான் இசக்கிராஜ் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, நாளைக்குக் காலைல பப்பா வந்தா எடம் இல்லன்னு சொல்லுங்க. ஒரு மணிக்கு வரச் சொல்லுங்க."

"ஒரு மணிக்கு அந்த நாக்காலிக்கு எத்தன பேரு நிக்கான், தெரியுமா?"

"தெரியும். நாளைக்கு பப்பாவுக்கு."

அண்ணன் கத்தியைத் தோல்வாரில் இழுத்துக்கொண்டே யோசித்தார். "தொண்டைல கத்தி இருக்கும்ட்டி. மோத்தா அண்ணாச்சி துள்ளிட்டாருன்னா?"

"துள்ளினா நல்லதுதான்."

"ஒனக்கு நல்லது. எனக்கு?"

சம்மதித்தார். நான் யாரையும் ஏமாற்றவில்லை. குழம்பு வைப்பதும் உட்கார்ந்து தின்பதும் ஏமாற்று இல்லை.

மறுநாள் பப்பா மீன் எடுக்கப் போனதும் கொல்லைப்பக்கத்து அடுப்பைப் பற்றவைத்தேன். சின்ன மண்சட்டி, முந்தின நாளே ஒளித்து வைத்த விளமீன் துண்டுகள், வதக்கி அரைத்த வெங்காயம், புளி, மல்லி, வத்தல், தேங்காய் பேருக்கு ஒரு பிடி. எல்லாம் என் மனசில் இருந்த மாதிரியே வந்தது. கடைசியில் வெந்தயத்தை வறுக்கும்போது தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பப்பா வண்டியோ என்று காதைக் கொடுத்தேன், பப்பா வண்டி இல்லை, திரும்பிப் பார்த்தால் வெந்தயம் சிவப்பைத் தாண்டி ஒரு நிழல் கறுத்திருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வறுக்க வீட்டில் வெந்தயம் இல்லை, நேரமும் இல்லை. இடித்துத் தூவினேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். முன்னால் நன்றாக இருந்தது, நடுவில் மிக நன்றாக இருந்தது, விழுங்கின பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

திருவிழா நாள் என்பதால் உப்பளம் லீவு, பேச்சித்தாயக்கா முன்னதாகவே வந்துவிட்டாள். அவளிடம் ஒரு சொட்டு கொடுத்தேன்.

"அருமை! இத இத்தன நாளா எங்கட்டி வச்சிருந்த?"

"கசப்பு ஏதும் தெரியலியா?"

"கசப்பா? போட்டி, ஒண்ணும் தெரியல!"

பசித்தவன் சாட்சி. எனக்குத் தைரியம் வரவில்லை, ஆனால் நேரம் வந்துவிட்டது. பப்பா பெரிய சட்டியில் பந்திக்குக் குழம்பு வைத்து இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த இசக்கி காலைல எடம் இல்லங்கான், நல்ல நாளு அதுவுமா" என்று முணுமுணுத்துக்கொண்டே சலூனுக்குப் போனார். அக்கா என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி, "இன்னைக்கு நான் விளம்புதேன், நீ உக்காரு" என்றாள். கடைசி இலையில் நான் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம் சங்கரலிங்கம் சார். வரிசை முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும்கூடச் சண்டையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

என் சட்டியிலிருந்து என் குழம்பை ஊற்றி, அக்கா மாதிரியே முள் நீக்கிப் பிசைந்து, ஒரு வாய் வைத்தேன். மீன் மெத்தென்று நாக்கில் உடைந்தது, சூடாக இருந்தது, ருசி மட்டும் இல்லை. என் வாயில் வந்தது சாருடைய முட்டைக்கோஸ். சுவரைப் பார்த்தேன். சத்தமில்லை. இரண்டாவது வாய் வைத்தேன். இந்தத் தடவை கோஸும் வரவில்லை.

"சார், நீங்க தின்னுங்க. என் வாய் சும்மா கெடக்கு."

"என்னால முடியலம்மா, படபடன்னு வருது," என்றார் சார்.

மூன்றாவது வாய், நான்காவது வாய். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, யாரோ தும்மினார்கள், தட்டு எதுவும் கேட்கவில்லை. செத்துப்போனது செத்துப்போனதுதான், சளி பிடிப்பது வேறு, சாவது வேறு என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது, அந்தக் குரலுக்கும் என்னைப் போலவே பொறுமை இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, ருசியே இல்லாத என் குழம்பை, வாய் வாயாகத் தின்றேன்.

ரேடியோ நின்றது. நாற்காலி தரையில் கிரீச்சிட்டது.

பப்பா வாசலில் வந்து நின்றார். கழுத்தில் துண்டு, ஒரு கன்னம் வழவழவென்று, மறு கன்னம் முழுக்க நுரை. நுரை காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டையில் உதிர்ந்தது. வரிசையில் யாரும் மெல்லவில்லை. யாரும் மெல்லாததால் யாருக்கும் எந்த ருசியும் இல்லை.

"வெந்தயம் யாரு போட்டது?"

"நான்."

"நம்ம கொழம்புல வெந்தயம் கெடையாது."

"இது நம்ம கொழம்பு இல்ல. என் கொழம்பு."

பப்பா வரிசையின் முன்னால் நடந்து வந்து என் இலையையும் சின்னச் சட்டியையும் பார்த்தார்.

"கருக விட்டுட்ட."

"கருகலியே அண்ணாச்சி," என்று அக்கா வாளியோடு குறுக்கே வந்தாள். "நானே தின்னு பாத்தேன்லா, அம்புட்டு அருமையா..."

"கருகியிருக்கு பேச்சி. முழுங்கின பொறவு நிக்குது பாரு, ஒரு கசப்பு." நுரை ஒட்டிய விரலைத் தொண்டையில் வைத்துக் காட்டினார். "இங்க. நாக்குக்கு அடில."

அந்த இடம் எனக்கும் தெரியும். உலகத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. என் குழம்பை ஒருவர் குறை சொல்லி எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான்.

"ஆமா," என்றேன். "ஒங்க வண்டின்னு நெனச்சு காதக் குடுத்தேன். கருகிட்டு."

பப்பா விழுங்கினார். இன்னொரு தடவை விழுங்கினார், எங்கேயோ போயிருந்து திரும்பி வந்த ஒன்று இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"நாளைக்கு அடுப்பக் கொறச்சு வச்சு வறு," என்றார்.

கொடி அன்று சாயங்காலம் இறங்குகிறது. நாளைக்கு என்றால் அதற்கு அடுத்த நாள். பக்கத்தில் சார் மூக்கை உறிஞ்சினார், சளி என்று சொல்லிக்கொண்டார்.

"அண்ணாச்சி!" இசக்கிராஜ் அண்ணன் கத்தியும் கையுமாக வாசலில் நின்றார். "ஒரு கன்னம் பாக்கி இருக்கு. இப்படியே மாதா முன்னால போயி நிக்கப் போறீரா?"

பப்பா திரும்பிப் போனார். வரிசை மறுபடி மெல்ல ஆரம்பித்தது. சார் ஒரு வாய் கோஸைப் போட்டார், அது என் வாய்க்கு வந்தது. நான் இலையில் மிச்சமிருந்ததை வழித்து வாயில் வைத்தேன். அவ்வளவுதான், இலை காலி.

சுவரில் ஒரு தட்டு கேட்டது.

ஒரு தட்டு என்றால் போதும். நான் கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கப் போனேன்.

இரண்டாவது தட்டு கேட்டது.

"யக்கா," என்றேன், மறுபடி உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க. என் சட்டிய இங்கயே வச்சிட்டுப் போங்க."